பொன்னாடையும் வாக்குச் சீட்டும்

நமது பண்பாட்டு விழாக்களிலே தவறாது நிகழும் சடங்கொன்று உண்டு. வயது முதிர்ந்த கைவினைஞர் ஒருவர் மேடைக்கு அழைக்கப்படுவார். கழுத்திலே மாலை விழும். தோளிலே பொன்னாடை ஏறும். தலைமை தாங்கும் அரசியல்வாதி, இவர் போன்றோரே நம் இனத்தின் சொத்து என்று முழங்குவார். புகைப்படம் எடுக்கப்பட்டதும் அந்தச் 'சொத்து' பேருந்து பிடித்து வீடு திரும்பும். அவர் தோளிற் கிடக்கும் பொன்னாடையோ பெரும்பாலும் கடல் கடந்து வந்த விசைத்தறித் துணி. கைத்தறி நெய்பவரைப் பாராட்டுவதற்குக்கூட நாம் கைத்தறித் துணி வாங்குவதில்லை!

இச்சடங்கு ஆண்டுதோறும் எவ்வாறு தடையின்றி நடைபெறுகின்றது? விடையைத் தேட வேண்டிய இடம் வாக்குச் சாவடியாகும். பனையோலை இழைக்கும் பெண்ணும், மண் பிசையும் குயவரும், தறியில் அமரும் நெசவாளரும், தேருக்குச் சிற்பம் செதுக்கும் ஆசாரியும், தவிலுக்குத் தோல் இழுத்துக் கட்டுபவரும் தேர்தல்தோறும் வாக்களிக்கின்றனர். அவர்களுள் சாதிக்காக வாக்களிப்போர் உளர். மகனுக்கு ஒரு வேலை கிடைக்கும் என்ற நப்பாசையில் வாக்களிப்போர் உளர். இனத்தின் உரிமைக்கென மனமார நம்பி வாக்களிப்போரும் உளர். ஆனால், 'எங்கள் கலைக்குப் பொதுப்பணத்தில் எவ்வளவு ஒதுக்குவீர்? அதனை எவ்வழியில் எம்மிடம் சேர்ப்பீர்?' என்று வேட்பாளரைக் கேட்டு வாக்களிப்போரைக் காண்பது அரிது. கேளாதவர்க்குக் கிடைப்பது பொன்னாடைதான். கைவினைஞர் வாக்குச் சீட்டைக் கையில் எடுக்கும்போது கலைக்கான பொதுநிதியையும் ஒரு பிரச்சினையாகக் கொள்ளுதல் வேண்டும் என்பதே எமது வாதம்.

கலை தானாக வளர்ந்தது, அதற்கு அரசின் பணம் எதற்கு என்று வினவுவோர் உண்டு. அவர்கள் வரலாற்றைப் புரட்டிப் பார்த்தல் நன்று. ஆனந்த குமாரசுவாமி 1908இல் வெளியிட்ட 'மத்தியகாலச் சிங்களக் கலை' என்னும் ஆங்கில நூலில் கண்டி இராச்சியத்துக் கைவினைஞரின் வாழ்வை விரிவாக ஆராய்ந்தார். அவர்களைத் தாங்கி நின்றது நிலம். அரசனுக்கும் விகாரைக்கும் தேவாலயத்துக்கும் செய்த பணிக்கு ஈடாக அவர்கள் வயல் பெற்றனர். வயல் சோறு தந்தது. சோறு இருந்தமையால் ஒரு வேலைக்கு வேண்டிய நாட்களை அதற்கே செலவிட முடிந்தது. தமிழர் கோயில்களிலும் மானிய நிலமும் அறுவடைப் பங்கும் இதே பணியைச் செய்தன. வெறும் பாராட்டை உண்டு எந்தக் காலத்திலும் எந்தக் கலையும் வளர்ந்ததில்லை.

1830களின் தொடக்கத்தில் ஆங்கிலேயர் அரசுக்கான இராசகாரிய ஊழியத்தை ஒழித்தனர். அது கட்டாய ஊழியம்; அது தொலைந்தமைக்கு எவரும் கண்ணீர் விட வேண்டுவதில்லை. ஆயினும் பழைய தளை அறுந்தபோது பழைய ஆதரவும் தளர்ந்தது. அதன் இடத்தில் புதிய ஆதரவு எதுவும் வரவில்லை. இங்கிலாந்தின் ஆலைத்துணிதான் வந்தது. இன்று அரசன் இல்லை. அவன் இருந்த இடத்திலே திறைசேரி இருக்கின்றது. அத்திறைசேரியை நிரப்புவோர் யாவர்? 2024 ஜனவரியில் 18 சதவீதமாக உயர்ந்த பெறுமதி சேர் வரியைப் பெருவணிகர் மட்டுமா செலுத்துகின்றனர்? சவர்க்காரம் வாங்கும் குயவரும் செலுத்துகின்றார். அவர் மனைவியும் செலுத்துகின்றார். ஆகவே கைவினைஞர் கேட்பது பிச்சையன்று. தாம் இட்ட பணத்தில் தமக்குரிய பங்கையே அவர் கேட்கின்றார்.

நிறுவனங்களுக்குக் குறைவில்லை. 1952இல் இலங்கைக் கலைக்கழகம் சட்டத்தின் மூலம் அமைந்தது. 1978இல் பனை அபிவிருத்திச் சபை தோன்றியது. 1982ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டத்தினால் தேசிய அருங்கலைகள் பேரவை உருவாகியது. முதிய கலைஞருக்குக் 'கலாபூஷணம்' விருதும் உண்டு. ஆனால் இவ்வமைப்புகளின் நடுவே கண்ணுக்குத் தெரியாத சுவரொன்று எழுந்து நிற்கின்றது. மேடையில் தோன்றுவது 'கலை'. அது பண்பாட்டு அமைச்சுக்கு உரியது. கையால் ஆக்கப்படுவது 'தொழில்'. அது கைத்தொழில் அமைச்சுக்கு உரியது. இப்பாகுபாட்டை வகுத்தவர் யார்? உழைக்கும் கையை இழிந்ததென்றும் பாடும் வாயை உயர்ந்ததென்றும் கருதிய பழைய சாதிப் புத்தியே கோப்புகளின் தலைப்பாக மாறி அலுவலக அலுமாரிகளில் அமர்ந்திருக்கின்றது.

ஒரு தவிலை எடுத்துக்கொள்வோம். யாழ்ப்பாணம் தட்சிணாமூர்த்தியின் தவிலிசையைப் போற்றாத தமிழர் இலர். அத்தவிலின் கட்டையைக் குடைந்த கை எவருடையது, தோலைப் பதப்படுத்தி வார் இழுத்த கை எவருடையது என்று கேட்டால் விடை கூறுவார் இலர். தவிற்கட்டை பலாமரத்தில் குடையப்படுவது. பலாமரம் தறிப்பதற்கு அனுமதி வேண்டும். தறித்த மரத்தை ஏற்றிச் செல்வதற்கும் அனுமதி வேண்டும். மரத்தைக் காப்பது நல்ல சட்டமே. அதனை நாம் குறைகூறவில்லை. ஆனால் மரக்காலைக்கு நூற்றுக்கணக்கான மரம் வாங்கும் முதலாளியும், ஆண்டில் ஒன்றிரண்டு மரம் தேடும் வாத்தியம் செய்பவரும் ஒரே வரிசையில் நிற்க வேண்டியிருக்கின்றது. குயவரின் நிலையும் இத்தகையதே. 1992ஆம் ஆண்டின் சுரங்க, கனியவளச் சட்டத்தின்கீழ் களிமண் அகழ்வதற்கு அனுமதிப்பத்திரம் தேவை. சட்டியும் பானையும் வனைய வண்டில் மண் கேட்பவரும் செங்கற் சூளைக்கு மலையளவு மண் கேட்பவரும் ஒரே சட்டத்தின் முன் நிற்கின்றனர். இவ்வரிசைகளைப் பிரித்து வைப்பதற்குப் பெருந்தொகை எதுவும் தேவையில்லை. கேட்பவர் இருந்தால், கேட்பவரிடம் வாக்கும் இருந்தால், ஒரு சுற்றறிக்கை போதும்.

பனையோலைப் பெண்களின் கதை வேறு விதமானது. கடகம், சுளகு, நீற்றுப்பெட்டி, இடியப்பத் தட்டு, பாய், குட்டான் என அவர்கள் ஆக்குபவை வடபகுதி வீடொன்றின் முழு வாழ்வையும் தாங்கியவை. சார்வோலையை வெயிலில் உலர்த்தி, வார்ந்து, சாயமிட்டு, ஈர்க்கோடு இணைத்துப் பின்னும் அவ்வேலையில் கணக்கு உண்டு, கோலம் உண்டு, பல தலைமுறை அறிவு உண்டு. 2009இன் பின்னர் இத்தனைக்கும் சேர்த்து ஒரே பெயர் வழங்கலாயிற்று: 'வாழ்வாதார உதவி'. கோழிக்குஞ்சு கொடுப்பதும் வாழ்வாதாரம். பனையோலைக் கலையும் வாழ்வாதாரம்! கணவனை இழந்த பெண்ணுக்கு வருவாய் வேண்டும் என்பதில் ஐயமில்லை. ஆனால் அவரைப் பயனாளி என்று பதியும் அதே பேனா, கலைஞர் என்று பதிய ஏன் மறுக்கின்றது? பயனாளிக்குத் திட்டம் முடிந்ததும் உதவியும் முடிந்துவிடும். கலைஞர் ஆண்டுதோறும் வரவு செலவுத் திட்டத்திலே இடங்கோர உரிமையுடையவர். சொல் மாறினால் உரிமையும் மாறுகின்றது.

கிழக்கே மருதமுனைக்குச் செல்வோம். அவ்வூரின் தறியோசை இலங்கை முழுவதும் அறிந்தது. 1977இல் திறந்த பொருளாதாரம் வந்தது. இறக்குமதித் தடைகள் தளர்ந்தன. மலிவான துணி துறைமுகத்தில் வந்து குவிந்தது. நாடெங்கும் கைத்தறிகள் ஓய்ந்தன. இது தறியின் குற்றமன்று, நெசவாளரின் சோம்பலுமன்று. பாராளுமன்றத்திலே கைதூக்கி எடுத்த முடிவு அது. 2020இல் பற்றிக்குக்கும் கைத்தறிக்கும் உள்ளூர் ஆடைக்குமென ஓர் இராஜாங்க அமைச்சே அமைக்கப்பட்டது. அமைச்சின் பெயர்ப்பலகை எழுந்தது. 2022இல் ரூபா விழுந்தது. மார்ச் தொடக்கத்தில் டொலருக்கு ஏறத்தாழ 200 ரூபாவாக இருந்த மதிப்பு சில கிழமைகளில் 300ஐக் கடந்து மேலே சென்றது. நூலும் சாயமும் இறக்குமதிப் பொருள்கள். விலையேற்றம் நேரே தறிக்குழியில் வந்து இறங்கியது. நூல் வங்கி ஒன்று முன்னரே இருந்திருந்தால், குறைந்த வட்டிக் கடன் இருந்திருந்தால், அந்த அடி இத்தனை ஆழமாக விழுந்திராது. பெயர்ப்பலகையால் ஒரு பாவு ஓட்ட முடியாது.

பொதுநிதி என்றவுடன் மானியக் காசோலையே பலரின் நினைவுக்கு வருகின்றது. சிறந்த நிதி கொள்வனவே என்பது எமது கருத்து. தமிழ்நாட்டில் 1983இல் இலவச வேட்டி சேலைத் திட்டம் தொடங்கியது. ஏழைகளுக்கு ஆடை, நெசவாளர்க்கு வேலை என்னும் இரண்டும் அதன் நோக்கங்கள். பின்னாளில் விசைத்தறி அதில் பெரும்பங்கு கொண்டுவிட்டது என்ற குறை மெய்யே. எனினும், நெசவாளர் வாக்கு ஒரு தொகுதியின் முடிவையே மாற்றும் என்று அங்குள்ள கட்சிகள் அறிந்திருந்தன. ஆதலால் தறிக்கு வேலை கொடுப்பது அரசியற் கடமையாயிற்று. இங்கோ, 1993 முதல் மாணவர்க்கு இலவசச் சீருடைத் துணி வழங்கப்படுகின்றது. 2025ஆம் ஆண்டுக்குரிய துணி முழுவதும் சீன அரசின் கொடையாக வந்து சேர்ந்தது. நெருக்கடிக் காலத்தில் வந்த கொடையை நாம் பழிக்கவில்லை; நாட்டின் பிள்ளைகள் அனைவருக்கும் கைத்தறியால் நெய்துவிடலாம் என்று பேதைமை பேசவும் இல்லை. ஆனால் அரச அலுவலகங்களின் திரைச்சீலைகள் எங்கிருந்து வருகின்றன? வைத்தியசாலைப் படுக்கை விரிப்புகள் எங்கிருந்து வருகின்றன? சபைக் கூட்டங்களில் விருந்தினர்க்குக் கொடுக்கும் பரிசுப்பொருள் எங்கே வாங்கப்படுகின்றது? இவற்றில் ஒரு பங்கினை உள்ளூர்க் கைவினைஞரிடமிருந்தே வாங்குதல் வேண்டும் என்ற விதி ஒன்று, நூறு பொன்னாடைகளுக்கு மேலானது.

ஒன்றுபட்டோர் பெற்றதற்கு நம் மண்ணிலேயே சான்றுண்டு. ஒரு காலத்தில் பனையேறும் தொழிலாளர் தவறணைக் குத்தகைக்காரரின் பிடியில் இருந்தனர். உயிரைக் கொடுத்து மரமேறியவர் ஒருவர், பயனை அள்ளியவர் மற்றொருவர். 1970களின் முற்பகுதியில் கள் விற்பனை தொழிலாளரின் கூட்டுறவுச் சங்கங்களிடம் வந்தது. வானத்திலிருந்து வீழ்ந்த வரமா அது? ஒடுக்கப்பட்ட மக்கள் அமைப்பாகத் திரண்டு, தங்களுக்கு வாக்குண்டு என்பதை அரசியல்வாதிகளுக்கு நினைவூட்டியமையால் விளைந்த பயன் அது. மரமேறுபவர் பெற்றதை ஓலை இழைப்பவர் ஏன் பெறலாகாது?

இனி, எம்மை மறுப்போரின் கூற்றுகளை நோக்குவோம்.

'முதலிற் சோறு, பின்னரே கலை' என்பர் சிலர். இவ்வாதம் முற்போக்குத் தோழர் சிலரிடமும் உண்டு. நெசவாளருக்குத் தறியே சோறு. குயவருக்குச் சக்கரமே சோறு. கலையையும் சோற்றையும் பிரித்துப் பார்ப்பது ஓய்வுநேரத்தில் கலையைச் சுவைப்போரின் பார்வை. கலையால் உண்போரின் பார்வை அதுவன்று.

'முதலில் இனத்தின் உரிமை, ஏனையவை பின்னர்' என்பர் வேறு சிலர். உரிமைப் போராட்டத்தின் நியாயத்தை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனால் மொழியையும் நிலத்தையும் காப்போம் என்போர், அந்நிலத்தின் மண்ணை வனையும் கைகளைப் பற்றி விஞ்ஞாபனத்தில் ஒரு வரியேனும் எழுதக் கூடாதா? யாழ்ப்பாணத்தில் இந்திய அரசின் கொடையால் பதினொரு மாடிப் பண்பாட்டு மையம் எழுந்துள்ளது. 2025 ஜனவரியில் அதன் பெயரைப் பற்றி எழுந்த வாதப் பிரதிவாதங்கள் பத்திரிகைகளை நிரப்பின. பெயர் முக்கியமே, அதில் யாழ்ப்பாணம் என்ற சொல் இருத்தல் வேண்டும் என்று கேட்டோர் கேட்டது சரியே. ஆனால் அம்மண்டபத்துக்குள் நுழைபவர் யார், அதன் மேடைக்கு உடுப்பும் முடியும் மத்தளமும் செய்து தருபவர்க்கு ஆண்டுக்கு எவ்வளவு செல்லும் என்னும் கேள்விகளுக்கு அச்சூட்டில் பத்திலொரு பங்கேனும் கிடைத்ததா?

'அரசின் பணம் வந்தால் கலை அடிமையாகும்' என்பது மூன்றாவது கூற்று. இதில் உண்மையின் ஒரு கூறு உண்டு. பேராசிரியர் சு. வித்தியானந்தன் கலைக்கழகத்தின் தமிழ் நாடகக் குழுவுக்குத் தலைமை தாங்கிய காலத்தில், சிதறிக்கிடந்த அண்ணாவிமாரை ஒன்றுகூட்டிக் கூத்து விழாக்களும் போட்டிகளும் நடத்தினார். விடியுமளவும் ஆடிய கூத்து நகர மேடைக்காகச் சுருங்கியது என்று அவரைக் குறைகூறினோர் உளர். அக்குறையை ஏற்றுக்கொண்டே சொல்கின்றோம்: அந்தச் சிறு பொதுநிதியும் அந்த முயற்சியும் இல்லாதிருந்தால், படித்தோர் கூத்தை நாகரிகமற்றதென்று ஒதுக்கியிருந்த அக்காலத்தில் அதற்கு மீட்சி ஏது? அடிமைத்தனத்தைத் தவிர்க்கும் வழி பணத்தை மறுப்பதன்று. பணத்தைப் பங்கிடும் குழுவிலே கைவினைஞரே அமர்வதாகும்.

நான்காவது கூற்றே மிகக் கடினமானது. 'இத்தொழில்கள் சாதிச் சிறையின் சங்கிலிகள். அவை அழியட்டும்' என்று ஒடுக்கப்பட்ட மக்களின் பிள்ளைகளே கூறுகின்றனர். பறையடிக்க மறுத்த அவர்களின் கோபம் நியாயமானது, மானமுள்ளோரின் கோபம். இழவு வீட்டிலே கட்டாயத்தின் பேரில் அடிக்கப்படும் பறையைக் காப்பாற்றுமாறு எவரும் அவர்களைக் கேட்க உரிமையில்லை. நாம் கோருவது அதற்கு நேர்மாறானது. பிறப்பினால் ஒருவர்மீது சுமத்தப்படும் ஊழியத்தைக் கற்க விரும்பும் எவர்க்கும் உரிய கலையாக மாற்றுவது எது? கூலி நிர்ணயிக்கப்பட்ட, பாடசாலையிற் கற்பிக்கப்படும், கற்பிப்பவர்க்கு ஆசிரியருக்குரிய சம்பளமும் மதிப்பும் கிடைக்கும் ஏற்பாடே அதனைச் செய்யும். அதற்கும் பணம் வேண்டும். அப்பணத்துக்கும் வாக்கு வேண்டும்.

இது தமிழரின் துன்பம் மட்டுமன்று. தும்பறைப் பாய் நெய்யும் கலையை 2021இல் யுனெஸ்கோ மனிதகுலத்தின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. அப்பாயை நெய்து வந்தோர் சிங்களச் சமூகத்திலே தாழ்த்தப்பட்ட மக்கள். பட்டியலிலே பெயர் ஏறுவது வேறு; நெய்பவரின் பிள்ளை வெட்கமின்றி அத்தறியில் அமர்வது வேறு. மருதமுனை நெசவாளரும் பிலிமத்தலாவைப் பித்தளைக் கன்னாரும் பனையோலை இழைக்கும் வடபுலத்துப் பெண்ணும் ஒரே கோரிக்கையின்கீழ் நிற்க முடியும். அவர்களைத் தனித்தனியே நிறுத்தி வைப்பதில் ஆதாயம் காண்போர் அவர்களல்லர்.

கைவினைஞரின் தொகை சிறிது, அவர்கள் வாக்கால் என்ன ஆகும் என்று கேட்கலாம். உள்ளூராட்சித் தேர்தல் இன்று கலப்பு முறையில் நடைபெறுகின்றது: அறுபது சதவீத உறுப்பினர் வட்டாரங்களிலிருந்தும் எஞ்சியோர் விகிதாசாரத்தின்படியும் தெரிவாகின்றனர். வட்டாரம் சிறிய பரப்பு. சில டசின் வாக்குகள் முடிவை மாற்றக்கூடும். கைவினைஞரோ பெரும்பாலும் ஒரே குறிச்சியில் நெருங்கி வாழ்பவர்கள். மேலும், சபைகளில் நாலில் ஒரு பங்கு பெண்களுக்கென ஒதுக்கப்பட்டுள்ளது; ஓலையும் பன்னும் இழைப்போரிற் பெரும்பாலார் பெண்கள். ஓலை இழைக்கும் கை ஒன்று பிரதேச சபையின் பாதீட்டை வாசித்துக் கேள்வி கேட்பது நடவாத காரியமன்று. 2025 மே 6ஆம் திகதி தெரிவான சபைகள் ஆண்டுதோறும் பாதீடு சமர்ப்பிக்கக் கடமைப்பட்டவை. மாகாண சபைகளோ வடக்கிலே 2018 ஒக்டோபரிலும் கிழக்கிலே அதற்கு முந்திய ஆண்டிலும் பதவிக்காலம் முடிந்து, ஆண்டுக்கணக்கில் ஆளுநரின் கையில் விடப்பட்டன. பண்பாட்டையும் சிறுகைத்தொழிலையும் அருகிருந்து பார்க்க வேண்டிய சபையே மக்கள் பிரதிநிதிகள் இன்றிக் கிடந்தது. மாகாணத் தேர்தலைக் கோருவது கைவினைஞரின் கோரிக்கையுமாகும்.

ஆகவே வாக்குக் கேட்டு வருவோரிடம் கேட்க வேண்டியவை எவை? கலைக்கென ஒதுக்கிய பணத்தில் விழாவுக்கும் மலர் அச்சிடுவதற்கும் எவ்வளவு, பொருள் ஆக்குவோர் கைக்கு எவ்வளவு என்று கணக்குக் கேளுங்கள். அரச கொள்வனவில் எமக்கு எத்தனை வீதம் என்று கேளுங்கள். சந்தையிலே எமக்கொரு நிழலான இடமும் குறைந்த வாடகையும் தருவீரா, மண்ணுக்கும் மரத்துக்கும் தனி அனுமதி முறை அமைப்பீரா, எம்மிடம் தொழில் பயில வரும் இளைஞருக்கு மாதப்படி கொடுப்பீரா என்று கேளுங்கள். நிதியைப் பங்கிடும் குழுவில் எம்மவர் எத்தனை பேர் என்றும் கேளுங்கள். வாய்மொழியை நம்பாதீர்கள், எழுத்திற் கேளுங்கள். மறு ஆண்டு பாதீட்டோடு அதனை ஒப்பிட்டுப் பாருங்கள். பொய்த்தவரை அடுத்த தேர்தலில் நினைவிற் கொள்ளுங்கள்.

1931இல் சர்வசன வாக்குரிமை இந்நாட்டுக்கு வருவதற்கு முன், படிப்பும் சொத்தும் அற்றோர் கையில் வாக்கைக் கொடுத்தல் ஆகாது என்று மேற்குலத் தலைவர்கள் வாதாடினர்; சேர் பொன்னம்பலம் இராமநாதனும் அதனை எதிர்த்து நின்றவரே. அவர்கள் அஞ்சியதற்குக் காரணம் உண்டு. குயவரும் நெசவாளரும் மரமேறுபவரும் தமக்கு வேண்டியதைத் தாமே அறிந்து கேட்கத் தொடங்குவர் என்பதே அவ்வச்சம். ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு கழிந்தும் அந்த அச்சத்தை நாம் முற்றாக மெய்ப்பிக்கவில்லை.

கைவினைத் தோழர்களே! களிமண்ணைப் பானையாக்கவும் ஓலையைக் கடகமாக்கவும் நூலைச் சேலையாக்கவும் வல்லவர் நீங்கள். வாக்கும் ஒரு மூலப்பொருளே. அதனை இதுவரை பிறர் வாங்கித் தமக்குப் பதவிகளாக வனைந்துகொண்டனர். இனி அதனை நீங்களே கையில் எடுத்து, உங்களுக்கு வேண்டிய உருவிலே வனையுங்கள்.